வேண்டிக்கொண்டே நடந்த மோனிக்கா

1945ஆம் ஆண்டின் கோடைக்காலம். உரோமை நகருக்கு அருகே, தைபர் ஆறு கடலில் கலக்கும் ஓஸ்தியா. போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அங்குள்ள புனித அவுரேயா ஆலயத்தை ஒட்டிய முற்றத்தில் சிறுவர்கள் இருவர் விளையாட்டுக் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டினார்கள். மண்ணுக்குள் பளிங்குத் துண்டு ஒன்று தட்டுப்பட்டது. அதில் இலத்தீன் எழுத்துகள். படித்துப் பார்த்த அறிஞர்களுக்கு அந்த வரிகள் புதியவை அல்ல. இடைக்காலத்து ஏடுகளில் படியெடுக்கப்பட்டு, பல நூற்றாண்டுகளாகக் கையில் இருந்தவைதாம். பாசு என்னும் உரோமை உயர்குடியினர் எழுதிய கல்லறைப் பாடல் அது. கல்லறைக்கு உரியவர் மோனிக்கா, புனித அகுஸ்தினாரின் தாய்.

கோயில்களில் மோனிக்காவின் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது அவருடைய கண்ணீர். கையில் கைக்குட்டை, மேல்நோக்கிய கண்கள், பக்கத்தில் மனம் திரும்பாத மகன். ஆகஸ்ட் 27ஆம் நாள் அவருடைய திருநாளில் ஆற்றப்படும் மறையுரைகளும் பெரும்பாலும் இந்தப் படத்தையே வரைகின்றன. அழுதார், பொறுத்தார், வென்றார் என்று மூன்று சொற்களில் கதை முடிந்துவிடுகிறது. அவர் அழுதது உண்மை. ஆனால் அந்த அழுகைக்கு நடுவே அவர் செய்த காரியங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறொரு பெண் எழுந்து நிற்கிறார். கடல் கடந்தவர், ஆயர்களைத் தேடிப்போய் வாதாடியவர், தவறு என்று யாரேனும் சொன்னால் அன்றைக்கே மாற்றிக்கொண்டவர். அந்தப் பெண்ணைப் பற்றியதே இவ்வுரை.

மோனிக்காவைப் பற்றி நாம் அறிவதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஒருவர் சொல்லித்தான். அவர் பெற்ற பிள்ளை. தாய் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 397ஐ ஒட்டி, அகுஸ்தினார் ‘அறிக்கைகள்’ என்னும் நூலை எழுதத் தொடங்கினார். அப்போது அவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயர். இறந்துபோன தாயைப் பற்றி மகன் எழுதினால் கொஞ்சம் மெருகு ஏறத்தான் செய்யும். நல்ல வேளையாக இன்னொரு சான்றும் உண்டு. 386ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், தாய் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போதே, நண்பர்களோடு நடந்த உரையாடல்களைச் சுருக்கெழுத்தர் ஒருவரைக் கொண்டு குறித்துவைத்து நூலாக்கினார் அகுஸ்தினார். அவற்றில் மோனிக்கா பேசுகிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மோனிக்கா 331 அல்லது 332இல் தாகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். உரோமைப் பேரரசின் நுமீதியாப் பகுதி அது. இன்று அல்ஜீரியாவில், துனீசிய எல்லைக்குப் பக்கத்தில் சூக் அஹ்ராஸ் என்ற பெயரோடு இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பம். அவரை வளர்த்தவர் வீட்டில் இருந்த வயதான பணிப்பெண். அந்த அம்மாள் மோனிக்காவின் தந்தையையே குழந்தைப் பருவத்தில் முதுகில் சுமந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்க விடமாட்டார். இன்றைக்கு நேரங்கெட்ட நேரத்தில் தண்ணீர் குடித்துப் பழகினால், நாளை கல்யாணமாகிக் கிடங்குச் சாவி கைக்கு வந்ததும் திராட்சை மதுவில் போய் நிற்கும் என்பது அவர் கணக்கு.

இத்தனை காவலையும் மீறிச் சிறுமி மோனிக்கா குடித்துப் பழகினார். பீப்பாயிலிருந்து மது எடுத்துவர அனுப்பும்போது குறும்புக்காக உதட்டில் ஒரு துளி பட வைத்தவர், நாளாக நாளாகக் கிண்ணம் நிறையக் குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். கூடவே போய்வந்த இளம் பணிப்பெண் ஒருத்தி, ஏதோ சண்டையில் கோபம் தலைக்கேறி, எசமானி மகள் என்றும் பாராமல் குடிகாரி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மோனிக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றோடு விட்டார். அந்தப் பெண் திருத்தவேண்டும் என்று சொல்லவில்லை, வையத்தான் சொன்னாள். சொன்னவள் அடிமைப் பெண். இருந்தும், சொன்னது உண்மையா என்று மட்டும் பார்த்தார் மோனிக்கா. பின்னாளில் அவர் செய்தவை பலவற்றுக்கும் சாவி இந்த நிகழ்ச்சியில் இருக்கிறது.

கணவர் பத்ரீசியு கிறிஸ்தவர் அல்லர். சிறு நிலக்கிழார், ஊர்மன்ற உறுப்பினர். பெயருக்குப் பெரிய பதவி; வரி வசூல் குறைந்தால் தம் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டிய சுமையான பதவி. மனம் இளகியவர், அதே அளவுக்கு முன்கோபி. மனைவிக்கு உண்மையாகவும் இருந்ததில்லை. மாமியாரும் அதே வீட்டில். வேலைக்காரிகள் கோள்மூட்ட, தொடக்கத்தில் மருமகள்மேல் மாமியாருக்கு ஆத்திரம். இந்த வீட்டில்தான் மோனிக்கா மூன்று பிள்ளைகளை வளர்த்தார்: அகுஸ்தினார், நவீஜியு, பின்னாளில் கன்னியர் இல்லத்துக்குத் தலைவியான ஒரு மகள்.

கணவர் கோபத்தில் இருக்கும்போது மோனிக்கா செயலாலும் எதிர்க்கமாட்டார், சொல்லாலும் எதிர்க்கமாட்டார். கோபம் தணிந்து, கேட்கும் நிலைக்கு வந்த பிறகு, தாம் செய்ததற்கான காரணத்தை எடுத்துச் சொல்வார். காரணம் சொல்லாமல் விட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முகத்தில் அடித் தழும்போடு வந்து கணவன்மாரைப் பற்றிக் குறைசொல்வார்கள். பத்ரீசியுவின் கோபம் ஊருக்கே தெரிந்திருந்தும், அவர் மோனிக்காவை அடித்ததாகவோ இருவரும் ஒருநாள் சண்டையிட்டதாகவோ ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அது எப்படி என்று அந்தப் பெண்கள் வியந்து கேட்க, தம் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். கூடவே, திருமண ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட நாளிலிருந்து நாம் அடிமைகள்தாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்ற பொருளிலும் சொன்னாராம்.

இந்த இடம் நம் தொண்டையில் சிக்குகிறது. சிக்கவும் வேண்டும். நூற்றாண்டுக் கணக்காகப் பெண்களை வாய்மூடி இருக்கச் செய்ய இந்தப் பகுதி பயன்பட்டிருக்கிறது. ஆனால் மோனிக்கா யாரிடம் பேசினார் என்று பார்க்க வேண்டும். அடிக்கும் கணவனிடமிருந்து மனைவியைக் காப்பாற்ற முன்வராத சமூகம் அது. எந்த வாசலையும் தட்ட வழியில்லாத பெண்களுக்கு, இன்று இரவு அடிபடாமல் தப்புவது எப்படி என்று தெரிந்த ஒரு பெண் சொல்லிக்கொடுத்த உபாயம் அது. எல்லாக் காலத்துக்கும் உரிய கட்டளையாக அதை மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அவருடைய செபம் எப்படி இருந்தது? ஒவ்வொரு நாளும், காலையும் மாலையும், தவறாமல் கோயிலுக்குப் போனார். ஊர்வம்பு பேசப் போகவில்லை என்று மகன் அழுத்திச் சொல்கிறார். அடிக்கடி தருமம் கொடுத்தார். சண்டையிட்டவர்கள் இரு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுக்கொள்வார். ஒட்டவைக்கக்கூடியதை மட்டும் அடுத்தவரிடம் கொண்டுபோவார், மற்றது அவரோடு நின்றுவிடும். மாமியார் மனம் மாறி, கோள்மூட்டிய வேலைக்காரிகளைத் தாமாகவே மகனிடம் சொல்லித் தண்டிக்கவைத்தார். அவர்களுக்குக் கசையடி கிடைத்தது என்பதையும் அகுஸ்தினார் மறைக்கவில்லை. அந்தக் காலத்து வீடு அது. பத்ரீசியு 370 வாக்கில் மறைக்கல்வி பெறுவோர் வரிசையில் சேர்ந்து, ஓராண்டுக்குள் திருமுழுக்கும் பெற்று இறந்தார்.

மோனிக்காவுக்கு அப்போது நாற்பது வயது. கையில் சொத்து அதிகமில்லை. இருந்தும் கார்த்தேஜ் நகரில் மகன் அகுஸ்தினாரின் படிப்பை நிறுத்தவில்லை. அவர் அனுப்பிய பணத்திலும், ரொமானியானு என்ற ஊர்ப் பிரமுகரின் உதவியிலும்தான் அகுஸ்தினார் நாவன்மைக் கல்வியை முடித்தார். மகனின் படிப்பில் தாய்க்கு இருந்த ஆசையைப் பற்றி மகனே பிற்பாடு குறைபட்டுக்கொள்கிறார். பதினாறு வயதில் அவர் தறிகெட்டுத் திரிந்தபோது, மணம் முடித்துவைத்தால் படிப்பு கெட்டுவிடுமே என்று தாய் தயங்கினார். படித்து முன்னுக்கு வரவேண்டும் என்ற கனவில் பெற்றோர் இருவரும் ஒன்றுபட்டிருந்தனர்.

மகன் கார்த்தேஜில் ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். 372 வாக்கில் அதேயோதாத்து என்ற பையன் பிறந்தான். அடுத்து, மானிக்கேயர் என்ற சமயக் குழுவில் சேர்ந்தார். ஒளியும் இருளும் என்று இரண்டு முதற்பொருள்கள் நிரந்தரமாகப் போரிடுகின்றன என்பது அவர்கள் கொள்கை. பெண்ணோடு வாழ்ந்ததற்காக வீட்டைச் சாத்தாத தாய், இதற்குச் சாத்தினார். ஒரே கூரையின் கீழ் இருக்கவோ ஒரே மேசையில் உண்ணவோ மகனை அனுமதிக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கனவு. மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மேல் தாம் நின்று அழுதுகொண்டிருப்பதாகவும், ஒளி பொருந்திய இளைஞர் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து காரணம் கேட்பதாகவும் கண்டார். பிள்ளை கெட்டுப்போகிறானே என்று சொன்னதும், நன்றாகப் பார் என்றார் அவர். மகன் அதே அளவுகோலின்மேல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கனவைக் கேட்ட அகுஸ்தினார் உடனே தம் வாதத் திறமையைக் காட்டினார்: அப்படியானால் நீங்களும் ஒருநாள் மானிக்கேயர் ஆவீர்கள் என்றுதானே பொருள்? மோனிக்கா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. என் இடத்துக்கு நீ வருவாய் என்றுதான் சொல்லப்பட்டதே தவிர, உன் இடத்துக்கு நான் வருவேன் என்று அல்ல என்றார். கனவைவிட அந்த உடனடிப் பதில்தான் தம்மை அசைத்தது என்று மகன் எழுதுகிறார். அன்றிலிருந்து மகனுக்கு மீண்டும் அந்த வீட்டில் சாப்பாடு கிடைத்தது. கொள்கைக்காகப் போட்ட கதவைக் கனவு திறக்கச் சொன்னதும் திறந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மகன் மாறவே இல்லை.

அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. ஆயர் ஒருவரைத் தேடிப் போய், என் மகனோடு நீங்கள் பேசித் திருத்துங்கள் என்று கேட்டார். அந்த ஆயரும் சிறு வயதில் மானிக்கேயர்களிடம் வளர்ந்தவர். அவர்களுடைய நூல்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் கையால் படியெடுத்தவர். யாரும் வாதிடாமல், படித்தே அதன் பொய்மையைக் கண்டு வெளியே வந்தவர். ஆகவே, இப்போது பேசினால் கேட்கமாட்டான், விட்டுவிடுங்கள், படித்துப் படித்து அவனே உணர்வான், நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். மோனிக்கா விடுவதாக இல்லை. அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஆயருக்குச் சலிப்பே வந்துவிட்டது. போங்கள் அம்மா, இவ்வளவு கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை அழிந்துபோக வழியே இல்லை என்ற கருத்தில் ஏதோ சொல்லி அனுப்பினார். சலிப்பில் வந்த அந்தச் சொல்லை மோனிக்கா வானத்திலிருந்து வந்த சொல்லாக எடுத்துக்கொண்டார். பின்னாளில் மகனோடு பேசும்போது அதை அடிக்கடி நினைவுகூர்வாராம்.

383இல் அகுஸ்தினார் உரோமைக்குக் கிளம்பினார். தாய் துறைமுகம்வரை வந்து, ஒன்று நீ திரும்பி வா, இல்லை என்னையும் கூட்டிப்போ என்று பிடித்துக்கொண்டார். நண்பர் ஒருவரை வழியனுப்பவே வந்தேன், காற்று வரும்வரை காத்திருக்கிறேன் என்று மகன் பொய் சொன்னார். துறைமுகத்தை ஒட்டி மறைசாட்சி சிப்ரியானின் நினைவுக் கோயில் இருந்தது. இரவை அங்கே கழிக்கும்படி தாயை இணங்கவைத்தார். தாய் உள்ளே செபித்துக்கொண்டிருக்க, அன்றிரவே கப்பல் பாய் விரித்தது. விடிந்ததும் கடற்கரையில் வந்து நின்றவரின் புலம்பலை மகன் பின்னர் எண்ணிப்பார்த்து எழுதியிருக்கிறார். மகன் கப்பலேறக் கூடாது என்பதே அன்றைய இரவின் வேண்டுதல். அது கேட்கப்படவில்லை. பிள்ளை மிலான் போனதும், அங்கே ஆயர் அம்புரோசியாரைச் சந்தித்ததும் கேட்கப்படாத அந்த வேண்டுதலால்தான் என்று, தம் பொய்யையும் ஒப்புக்கொண்டபடி, அகுஸ்தினார் எழுதுகிறார்.

மோனிக்கா கரையிலேயே நின்றுவிடவில்லை. வீடு திரும்பி, இரண்டு ஆண்டுகளில், ஐம்பது கடந்த வயதில், 385இல் கடலைக் கடந்து மிலான் வந்து சேர்ந்தார். வழியில் புயல். பயணிகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய மாலுமிகளுக்கே இவர் தைரியம் சொன்னார். மானிக்கேயத்தை விட்டுவிட்டேன், ஆனால் இன்னும் கிறிஸ்தவனாகவில்லை என்று மகன் சொன்னபோது, பெரிதாகத் துள்ளவில்லை. பாதிதான் முடிந்திருக்கிறது, மீதி என் கண் மூடுவதற்குள் முடியும் என்று அமைதியாகச் சொன்னார்.

மிலானில் நடந்த சின்னஞ்சிறு காரியம் ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் மறைசாட்சியரின் நினைவிடங்களுக்குக் கூடையில் கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் கொண்டுபோய்ப் படைத்து, பகிர்ந்து உண்பார்கள். மோனிக்காவும் கொண்டுபோவார். எத்தனை இடங்களுக்குப் போனாலும் ஒரே ஒரு சிறு கிண்ணம்தான். நன்றாகத் தண்ணீர் கலந்த மது. எல்லா இடத்திலும் அதிலிருந்தே ஒவ்வொரு வாய். மிலானில் அப்படிக் கூடையோடு போனபோது வாயில்காப்பவர் தடுத்தார். குடிக்கு இடமாகிறது, இறந்தோர்க்குப் படைக்கும் பிற சமய வழக்கம்போலவும் இருக்கிறது என்று ஆயர் அம்புரோசியார் தடைசெய்திருக்கிறார் என்றார். வாழ்நாள் முழுவதும் செய்துவந்த வழக்கம். மோனிக்கா முணுமுணுக்கவில்லை. கூடையில் கொண்டுபோனதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் வேண்டுதலோடு அங்கே போகத் தொடங்கினார். வேறு யார் தடுத்திருந்தாலும் என் தாய் இவ்வளவு எளிதாக விட்டிருப்பாரா என்பது ஐயமே என்று மகன் சொல்வதும் இங்கே உண்டு. அவர் தலையாட்டிப் பொம்மை அல்லர். சனிக்கிழமை நோன்பு பற்றியும் இதே கதைதான். உரோமையில் அன்று நோன்பு உண்டு, மிலானில் இல்லை. எதைக் கைக்கொள்வது என்று குழம்பி மகனை அனுப்பி ஆயரிடம் கேட்டார். உரோமைக்குப் போனால் நோன்பு இருப்பேன், இங்கே இருந்தால் இருப்பதில்லை, நீங்களும் இருக்கும் ஊரின் வழக்கப்படி செய்யுங்கள் என்பது அம்புரோசியாரின் விடை. அப்படியே செய்தார்.

386இல் பேரரசனின் தாய் யுஸ்தீனா, கிறிஸ்துவின் முழு இறைத்தன்மையை மறுத்த ஆரியக் கொள்கையினருக்காக மிலானின் பேராலயங்களில் ஒன்றைக் கேட்டு நெருக்கினார். படைவீரர்கள் சூழ, மக்கள் ஆயரோடு சாகவும் துணிந்து கோயிலுக்குள் இரவு பகலாக விழித்திருந்தார்கள். அந்த விழிப்பில் முன்னணியில் நின்றவர்களில் மோனிக்கா ஒருவர். களைத்துப்போகாமல் இருக்க, கிழக்கத்தியத் திருச்சபைகளின் முறையில் பாடல்களும் திருப்பாடல்களும் அப்போதுதான் அங்கே பாடத் தொடங்கினார்கள்.

அவர் தவறும் செய்தார். மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பார்க்கும் முயற்சியில் முன்நின்றவர் அவரே. பேசி முடித்த பெண்ணுக்குச் சட்டப்படியான மண வயதே ஆகவில்லை. இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்தக் கல்யாணத்துக்குத் தடை என்று, பதினைந்து ஆண்டுகளுக்கு நெருங்க உடன்வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இனி வேறு ஆண்மகனை அறியேன் என்று நேர்ந்துகொண்டு, தம் மகன் அதேயோதாத்துவை விட்டுவிட்டுப் போனார். அவர் பெயரை அகுஸ்தினார் எங்கும் எழுதவில்லை. செபிக்கும் தாயின் பெருமையைப் பேசும்போது கப்பலேறிப் போன இந்த இன்னொரு தாயைத் தாண்டிப் போக நமக்கு உரிமை இல்லை.

இந்தக் கல்யாண விஷயத்தில் இறைவனின் குறிப்பு ஏதேனும் கிடைக்குமா என்று மோனிக்கா வேண்டிப் பார்த்தார். மகனும் கேட்கச் சொன்னார். ஏதேதோ காட்சிகள் தோன்றின. ஆனால் அவை வெறும் மனக்கற்பனை என்று அவரே சொல்லிவிட்டார். இறைவன் காட்டுவதற்கும் தம் மனம் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை, சொல்லில் விளக்க முடியாத ஒரு சுவையால் தம்மால் பிரித்தறிய முடியும் என்றாராம். தம் மனத்துக்கு மிகப் பிடித்த திட்டத்துக்கே இறைவன் கையெழுத்திடவில்லை என்று சொல்லும் நேர்மை எத்தனை பேருக்கு வரும்? இந்த ஒரு செய்திக்காகவே மோனிக்காவின் செபத்தை நம்பலாம்.

386 ஆகஸ்ட். மிலான் வீட்டுத் தோட்டத்தில் மகனின் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. நண்பர் அலீப்பியுவோடு உள்ளே போய் முதலில் தாயிடம்தான் சொன்னார். கிறிஸ்தவன் ஆகிறேன், கல்யாணமும் வேண்டாம். பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடும், பேரப்பிள்ளைகள் ஆசையும் அந்த ஒரு வாக்கியத்தில் கலைந்தன. மோனிக்கா துள்ளி மகிழ்ந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் எல்லோரும் காசிசியாக்கும் என்னும் நாட்டுப்புற மாளிகையில் தங்கினார்கள். வீட்டை நடத்தியவர் மோனிக்கா. நவம்பர் 13, அகுஸ்தினாரின் பிறந்தநாள். எளிய மதிய உணவுக்குப் பின் குளியல் கூடத்தில் அமர்ந்து, இன்பம் என்பது எது என்று பேசத் தொடங்கினார்கள். விரும்பியது கிடைத்தவன் எல்லாம் இன்பமாக இருக்கிறானா என்று மகன் கேட்டார். நல்லதை விரும்பி அது கிடைத்தால் இன்பம். கெட்டதை விரும்பினால், கிடைத்தாலும் அவன் பாவப்பட்டவன்தான் என்றார் தாய். மெய்யியலின் கோட்டையையே பிடித்துவிட்டீர்களே என்று மகன் வியந்தார். சிசரோவும் இதையே எழுதியிருப்பதைச் சுட்டினார். அதே காலத்து இன்னோர் உரையாடலில் தம் பேச்சும் எழுதப்படுவதைக் கண்ட மோனிக்கா, நீங்கள் படிக்கும் நூல்களில் பெண்கள் வாதாடியதாக எங்காவது உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் மகன். பிறந்தநாளில் தொடங்கிய உரையாடலை மூன்றாம் நாள், அம்புரோசியாரின் பாடல் அடி ஒன்றைச் சொல்லி முடித்துவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அதே வீட்டில் இன்னொரு காட்சி. லிசென்சியு என்ற இளைஞனுக்குப் புதிதாகக் கற்ற திருப்பாடல் ஒன்றின் மெட்டு பிடித்துப்போய், கழிவறைக்குப் போன இடத்திலும் உரக்கப் பாடிக்கொண்டிருந்தான். பாட வேறு இடமா இல்லை என்று மோனிக்கா கடிந்துகொண்டார். இரவும் பகலும் அழுத அன்னை என்று நாம் அறிந்தவர் பிள்ளைகளை இப்படி அதட்டவும் செய்தார்.

387 உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தினார், அலீப்பியு, பதினைந்து வயது அதேயோதாத்து மூவருக்கும் அம்புரோசியார் திருமுழுக்கு அளித்தார். ஊர் திரும்ப ஓஸ்தியாவில் கப்பலுக்குக் காத்திருந்தபோது, தோட்டத்தைப் பார்த்த சன்னல் ஒன்றில் சாய்ந்து தாயும் மகனும் நெடுநேரம் பேசினார்கள். இனி இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டார் மோனிக்கா. சில நாளில் காய்ச்சல்; ஒன்பதாம் நாள் இறந்தார். வயது 56, மகனுக்கு 33. கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று பல காலமாக இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தவர், இறுதியில் அந்த ஆசையையும் விட்டார். உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தின் முன் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே கடைசி வேண்டுகோள்.

‘அறிக்கைகள்’ நூலில் மோனிக்கா என்ற பெயர் ஒரே ஒருமுறைதான் வருகிறது. ஒன்பதாம் பகுதியின் முடிவில், பத்ரீசியுவின் பெயரோடு சேர்த்து, இதை வாசிப்போர் இருவரையும் பீடத்தில் நினைக்க வேண்டும் என்று மகன் கேட்கும் இடத்தில். முன்கோபியும் துரோகம் செய்தவருமான அந்தக் கணவரும் அவருடைய வேண்டுதலின் கணக்கில் கடைசிவரை இருந்தார் என்பதை அந்த இடம் காட்டுகிறது.

மறையுரை ஆற்றுவோருக்கும், பங்குகளில் அன்னையர் குழுக்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். மோனிக்காவின் பொறுமையை மட்டும் பிய்த்தெடுத்துப் பேசாதீர்கள். அவர் வாதாடியதையும், வீட்டுக் கதவைச் சாத்தியதையும், கப்பலேறியதையும், தம் ஆசைக்கு இறைவன் பெயரைச் சூட்ட மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீங்கிய முகத்தோடு, எனக்காகச் செபியுங்கள் என்று உங்களிடம் வரும் பெண்ணை மோனிக்காவின் பெயரைச் சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். தாகாஸ்தே பெண்களுக்கு இல்லாத பாதுகாப்பு அவருக்கு உண்டு: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும், 181 என்ற உதவி எண்ணும். முதலில் அவற்றைச் சொல்லுங்கள். பிறகு அவரோடு உட்கார்ந்து செபியுங்கள்.